பரங்கி

இருபத்து நாலு நாள் லீவு.
வந்த மூன்றாம் ராத்திரி, என் வீட்டில்,
ஃபேன் சுவிட்சு எது என்று தெரியாமல்
ஐந்தையும் தட்டிப் பார்த்தேன்.
மாடியில் குடியிருக்கும் மங்ரா ஓராவ்
சத்தம் கேட்டு இறங்கி வந்தான்.
"ரெண்டாவது, ஸார். லூஸு. அழுத்திப் பிடிக்கணும்."

பேரணாம்பட்டு, மேல்பட்டி ரோடு, மூன்று சென்ட்.
மோஜோவிலிருந்து அனுப்பிய பணம்
செங்கல்லாகி நிற்கிறது.
கட்டி ஏழு வருஷம்; நான் இதில் உறங்கியது
கூட்டினால் நாலு மாதம் தேறாது.
சலோமி, பையன் படிப்புக்காக
வேலூரில், வாடகை வீட்டில்.
தண்ணி லாரி எந்தக் கிழமை வரும்,
மோட்டார் ஏன் இருமும்,
எந்த ஜன்னலைத் திறந்தால் நாற்றம் நுழையும்,
மங்ராவுக்குத்தான் தெரியும்.
அவனும் தோல் ஷாப்பில்தான்.
நான் விட்டுப்போன டிரம்மில்
இப்போது அவன் கை.

எத்தியோப்பியா என்றால்
"சவுதி பக்கமா?" என்பார்கள். ஆமாம் என்பேன்.
அங்கே வருஷத்துக்குப் பதின்மூன்று மாதம்,
சம்பளம் பன்னிரண்டுதான்.
காலண்டர் நமக்கு ஏழெட்டு வருஷம் பின்னால்;
போன புதிதில் கணக்குப் போட்டு
எனக்கு இன்னும் முப்பதாகவில்லை என்று
கண்ணாடியில் சிரித்துக்கொண்டேன்.

முதல் வாரம் ஃபோர்மன் கெபெதெ
பெரிய தட்டில் எல்லார் கையும் இருக்க
தன் கையால் ஒரு கவளம் உருட்டி
என் வாயில் திணித்தார்.
அங்கே அது மரியாதை.
எனக்கு விழுங்க நேரமானது.
ஊரில் என் தட்டைத் தொட்டவர்கள்
எத்தனை பேர் என்று
வாய் நிறைய வைத்துக்கொண்டு எண்ணினேன்.

தெருவில் பிள்ளைகள் பின்னால் ஓடிவந்து
"ஃபெரெஞ்! ஃபெரெஞ்!" என்று கத்தும்.
நம்மூர்ப் பரங்கிதான் அது,
வேறு கரையில் ஒதுங்கிய அதே சொல்.
என் நிறத்தைப் பார்த்துப் பரங்கி!
கத்தினார்களே தவிர
எந்தத் தெரு என்று கேட்கவில்லை,
பதினோரு வருஷமாக, ஒருவரும்.

சும்மா கிடைத்ததில்லை அது.
தங்கச்சி எப்சிபா கல்யாணத்தன்று
என் பெர்மிட் காகிதம் மேசை மேசையாய்
நகர்ந்துகொண்டிருந்தது.
போட்டோவில் என் இடத்தில்
பூக்கூடை வைத்திருக்கிறார்கள்.
டாலர் கிடைக்காத மாதங்களில்
சம்பளம் பேங்கில் படுத்திருக்கும்,
"இன்னும் அனுப்பலயா?" என்று போன் வரும்.
பையன் வீடியோவில் என்னிடம் பேசும்போது
இன்ஸ்பெக்டர் வந்த வகுப்பில் மாதிரி
நேராக நின்றுகொள்வான்.

ஆமாம் என்பதற்கு அங்கே சொல்லே வேண்டாம்.
ஹ் என்று மூச்சை உள்ளே இழுத்தால் போதும்.
வேலூரில் நான் அப்படி இழுக்க, சலோமி
"நெஞ்சு வலிக்குதா? சி.எம்.சி. போலாமா?" என்றாள்.

இருபதாம் நாள் மங்ரா காகிதத்தோடு வந்தான்.
கேஸ் கனெக்‌ஷனுக்கு
வீட்டு ஓனர் கையெழுத்து வேண்டுமாம்.
மோஜோவில் அல்மாஸம்மா
எனக்கு இதே கையெழுத்தைப் போட்டுவிட்டு
பேனாவை மூடுமுன் வாடகை ஏற்றினாள்.
நானும் ஐந்நூறு ஏற்றத்தான் வந்திருந்தேன்.

"இங்க உன்னை என்னன்னு கூப்பிடறாங்க?"
"இந்திக்காரன்," என்றான். பிறகு தயங்கி,
"எங்க வீட்டு பாஷை இந்தி இல்ல, ஸார். குடுக்.
கண்ணுக்கு நாங்க ஃகன் சொல்வோம்."
ஹ் என்று மூச்சை இழுத்தேன்.
அவன் பயப்படவில்லை.

கையெழுத்துப் போட்டேன்.
வாடகையும் ஏற்றினேன். முந்நூறு.

ராத்திரி மாடியில் பரங்கிக்காய் வேகும் வாசனை.
ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு
படியில் நின்றான்,
தரலாமா என்று தெரியாமல்.
தோலோடு நறுக்கியிருந்தான்.
தின்றேன்.