கேட்டேன் என்கிறாள்

பதினான்கு வயதில் காய்ச்சல் வந்து
இரண்டு காதும் போயிற்று தோராவுக்கு.
ஸ்ட்ராம்னஸ் துறைமுகத்தில்
நண்டுப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறாள்.
வியாழக்கிழமை, ரொட்டிக் கடையில்,
கொஞ்சம் உரக்கவே சொன்னாள்:
"எர்லெண்டிடமிருந்து கேட்டேன்."
கடைக்காரி திடுக்கிடவில்லை.
அவர்கள் ஆங்கிலத்தில்
கடிதம் வந்தாலும் கேட்டதாகத்தான் கணக்கு.
அட்டையில் மூன்று வரி:
எண்ணெய்க் கப்பலின் பெயர்,
பல்வலி தேவலை,
மேற்கே காற்று.

வரிசையில் பின்னால் நின்ற
எனக்குத்தான் தடுக்கியது.
தமிழில் அப்படிச் சொன்னால்
மகனிடம் கைமாற்று கேட்டாள் என்றாகிவிடும்.

இப்போது ஐந்து வாரமாக ஒன்றும் வரவில்லை.
கடைக்காரி மாவுக் கையால்
தன் காதைத் தொட்டுப் புருவம் உயர்த்தினாள்.
தோரா சில்லறையை எண்ணினாள்.
இரண்டு தடவை எண்ணினாள்.
ரொட்டியை மறந்துவிட்டு வெளியே போய்
தபால் வண்டியின் பானெட்டில்
உள்ளங்கையை வைத்தாள்.
சூடு. நடுக்கம்.
லிங்க்லேட்டர் என்ஜினை அணைக்காமல்
கண்ணாடியை இறக்கினார்.

கேட்டாள்.

எந்தக் கேட்டல் என்று
நான் பிரித்துப் பார்க்கவில்லை.