முன்விலை

நவம்பர் ஒன்று, அவர்களின் நள்ளிரவு.
சம்மாந்துறையில் அது
மறுநாள் காலை ஒன்பதரை.

முந்தி விண்ணப்பித்தால்
இடம் கிடைக்கும் வாய்ப்புக் கூட.
கிடைத்தால் போயே ஆக வேண்டும்,
வேறெங்கும் கேட்க மாட்டோம் என்று
வாப்பாவும் ஒப்பமிட வேண்டும்.
உதவித்தொகை எவ்வளவு என்பது
மறுகாதான் தெரியும்.

படிவம் கேட்கிறது:
வீட்டின் பெறுமதி, வாகனம், முதலீடு.
இரண்டரை ஏக்கர், அதில் ஒன்று ஈட்டில்
என்று எழுதப் பெட்டி இல்லை.
'ஏனையவை'க்குள் திணித்தேன்.

வாப்பா வயலால் வந்தார்,
கணுக்கால்வரை சேறு.
விதைநெல்லுக்கு
ஆதம்லெவ்வையின் மில்லில் முற்பணம் எடுத்திருக்கிறார்,
மாசியில் அவர் சொல்லும் விலைக்கு
அவருக்கே அளப்பதாக.
அந்தத் துண்டை எழுதியதும் நான்தான்;
என் கையெழுத்து வடிவாம்.

"எங்க புள்ள ஒப்பம்?"
பேனையை வாங்கினார்.

"இப்ப வேணாம் வாப்பா.
ஜனவரியில போடுவம்.
மார்ச்சிலதான் சொல்லுவாங்க."

"அப்ப வெட்டியிருப்பம்," என்றார்,
பேனை மூடியைத் தேடிக்கொண்டே.
மணி ஒன்பது இருபத்தாறு.
வாசலில் உழவு மெசின்காரன் ஹோர்ன் அடித்தான்.
அவனுக்கும் இன்னும் கொடுக்கவில்லை.