மூன்று பூஜ்ஜியம்

ஞாயிறு காலை ஏழரை.
வாரம் இங்கே ஞாயிறில்தான் தொடங்குகிறது.
பதினோரு வருடம் ஆகியும்
என் உடம்பு அதை ஒப்புக்கொள்ளவில்லை.

நிஸ்வா. புவி அறிவியல் துறை வாரமடல்.
தொகுப்பு: நான்.
பெயர் கடைசிப் பக்க அடியில்
எறும்பு அளவு எழுத்தில்.

முதல் செய்தி, திருத்தம்.
போன இதழில் இந்த மலையின் வயதைத்
தொண்ணூற்றாறாயிரம் ஆண்டு என்று அடித்திருந்தேன்.
ஒன்பது கோடியே அறுபது லட்சம் என்று இருக்க வேண்டும்.
மூன்று பூஜ்ஜியம் விரலிடுக்கில் ஒழுகிவிட்டது.
நான்கு பேராசிரியர், பதினொரு விரிவுரையாளர்,
டீன் அலுவலகம், நூலகம்,
எல்லோருக்கும் போன மடல்.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
முதலாண்டு ஷம்ஸா மட்டும்
கதவில் சாய்ந்தபடி கேட்டாள்:
"எங்கள் மலையை ஏன் கைக்குழந்தை ஆக்கிவிட்டீர்கள்?"

திங்கள், கருத்தரங்கு.
முனைவர் ஸுவைனா அல்-ரியாமி பேசினார்.
கடலடிக்கும் அடியில் கிடந்த கல்
மேலே ஏறி வந்து, தண்ணீர் குடித்து,
பாம்பின் தோல்போலப் பச்சையாய் மினுக்குகிற கதை.
கண்ணாடிப் பெட்டிக்குள், கையுறையோடு,
பிளவில் இடுக்கியை வைத்து
வெள்ளை இழை ஒன்றை உரித்துக் காட்டினார்.

கடைசி வரிசையில் நான் சிரிப்பை அடக்கினேன்.
கல்லில் நார்!
நடக்காத காரியத்துக்கு நாங்கள் சொல்லும் சொல்
இங்கே பாறைக்குப் பாறை பஞ்சாய்த் துருத்தி நிற்கிறது.
நடக்காதது கணக்குப் பிரிவில்தான்.
வைர ரம்பத்துக்குப் புதுத் தகடு, நாற்பத்தெட்டு ரியால்,
ஏழு மாதமாய்க் கையெழுத்து இல்லை.

புதன், பத்தேகால் மணி.
அடித்தள நிலநடுக்கமானி துள்ளியது.
மாணவர்கள் ஓடிவந்து கணக்குப் போட்டார்கள்.
மையம்: பக்கத்து அறை.
காரணம்: ஜெபஸ்டின் இழுத்த இரும்பு அலமாரி.

செவ்வாயை வேண்டுமென்றே தள்ளி வைத்திருந்தேன்.
மடலில் அது ஒரே வரி:
"வானிலை காரணமாகக் களப்பயணம் ஒத்திவைப்பு."

நடந்தது வேறு.
வாதியின் வெறும் மணலில்
இருபத்தாறு பேர் குனிந்து கல் பார்த்திருக்கிறார்கள்.
தலைக்கு மேல் நீல வானம்.
பேருந்து ஓட்டுநர் குல் நவாப், ஸ்வாத் பள்ளத்தாக்குக்காரர்,
எங்கோ மேலே கற்கள் உருளும் ஓசையைக் கேட்டார்.
ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை.
திட்டிக்கொண்டே ஏறி வந்தவர்களை
மேட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்.
கால் மணி நேரத்தில்
அவர்கள் சாப்பாட்டுப் பையை வைத்திருந்த இடத்தில்
ஒரு பேரீச்ச மரம் மிதந்து போனது.

இதை எழுதித்தான் கொடுத்தேன்.
துறைத்தலைவர் சிவப்பு மையில் அடித்தார்.
ஒப்பந்த நிறுவனத்து ஆட்களின் பெயர்
மடலில் வருவது வழக்கமில்லையாம்.

வியாழன் பன்னிரண்டுக்குள் அனுப்பியாக வேண்டும்.
பதினொன்று ஐம்பத்திரண்டு.
தேநீர் ஆடைகட்டிக் கிடந்தது.
மூன்று பூஜ்ஜியம் போனதையே பார்க்காத கண்கள்
ஒரு வரி கூடியதையா பார்க்கப் போகின்றன?
ஐந்தாம் பக்கம்,
குளிர்சாதனப் பராமரிப்புக்கும்
தொலைந்துபோன நீலக் குடைக்கும் நடுவே:
"செவ்வாயன்று இருபத்தாறு பேரைக்
கரையேற்றியவர் குல் நவாப்."
அனுப்பினேன்.
வெள்ளியும் சனியும் தூக்கம் சரியில்லை.

ஞாயிறு, ஏழரை.
கதவில் ஷம்ஸா.
கையில் அச்செடுத்த ஐந்தாம் பக்கம், நான்காய் மடித்து.
"இதிலும் ஒரு பிழை இருக்கிறது."
எனக்கு அடிவயிறு சில்லிட்டது.

"இருபத்தேழு பேர்," என்றாள்.
"ஓட்டியவரும் உள்ளேதான் இருந்தார்."