பொருத்தம்

வாங்குவதற்கு முன் ஒரு மாதம் குழம்பினேன்.
எட்டங்குலக் குழாய் நிறைய ஒளி குடிக்கும்,
ஆனால் வானத்தில் நீயே தேட வேண்டும்.
ஐந்தங்குலம் சிறிசு. கையில் ஒரு கீபோட்டைத் தந்து
பேரைச் சொல், நான் கிறுகுகிறேன் என்கிறது.
பெட்டியில் ஐந்நூறு மடங்கு என்று அச்சடித்திருந்தால்
அந்தக் கடையை விட்டு வெளியே வா.
இதை எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை,
காத்தான்குடி ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில்
பதினொரு வருடம் நுணுக்குக்காட்டியில் குனிந்தவள் நான்.
அளவுக்கு மேல் கூட்டினால்
சிறுதட்டு பெருக்கும், அதன் ஓரம் மங்கும்.

ஐந்தங்குலமே எடுத்தேன்.
பின்வளவுக்கு ஒருத்தியாய்த் தூக்கிப் போகலாம்.
தூக்க முடியாத கருவி
தூசு தட்டத்தான் வீட்டில் இருக்கும்.

முதல் இரவு மணலில் கால் புதைந்து சரிந்தது.
மூன்று ஓட்டுத் துண்டு கீழே வைத்தேன்.
எட்டுச் சின்னப் பற்றரி நாற்பது நிமிடத்தில் செத்தது,
தம்பியின் ஆட்டோவிலிருந்து வயர் இழுத்தேன்.
வடக்கே துருவ வெள்ளி
ஏழு பாகை உயரத்தில்
ஹாஜியார் வீட்டுத் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால்
ஒருநாளும் எழும்பாமல் கிடக்கிறது.

ஜூலை ஒன்பது, இஷாவுக்குப் பிறகு
டியூட்டி முடிந்த யூனிபோமோடு தவமலர் வந்தாள்.
ஆரையம்பதிக்குப் போகிற வழி.
"கேட்டையக் காட்டு" என்றாள்.
வார்ட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான்:
கேட்டையில் பிறந்தவள்
மாப்பிள்ளையின் தமையனுக்கு ஆகாதாம்.
மூன்று பேச்சு வந்தது.
மூன்று மாப்பிள்ளைக்கும் ஒவ்வொரு தமையன் இருந்தான்.

கருவி ஊர் கேட்டது. பட்டியலில் கொழும்புதான்.
ஏழு பாகை நாற்பத்தொரு கலை என்று
காத்தான்குடியை எண்ணாக எழுதினேன்.
திகதி. நேரம். இரண்டு வெள்ளி காட்டு என்றது.
வேகாவை அம்புக்குறி அமுக்கி நானே இழுத்துவந்தேன்,
அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.
கேட்டைக்கு மோட்டர் முனகிக்கொண்டு போய்
எங்கேயோ தாழ்ந்து நின்றது.
சிவப்பாய் இருக்க வேண்டியது வெள்ளையாய் இருந்தது.
கச்சான் காற்றின் தூசாக்கும் என்று அமுக்கினேன்.

திரையில் இரண்டு சொல்.
"என்னவாம்?"
"பொருத்தம் பிழைச்சிட்டாம்."
தவமலர் மதிலில் சாய்ந்து சிரித்தாள்,
யூனிபோம் ஊத்தையாகும் என்று நிமிர்ந்து
பிறகும் சிரித்தாள்.
"மெசினுக்குமா கா? இதுக்கும் தமையன் இருக்கா?"

பிழை என்னுடையது. இதைச் செய்தவர்கள்
மாதத்தை முன்னால் எழுதுகிறவர்கள்.
நான் கொடுத்திருந்தது செப்டெம்பர் ஏழு.
இரண்டு மாதம் தள்ளிய வானத்தில்
அது நேர்மையாய்த் தேடியிருக்கிறது.

திருத்தினேன். தெற்கே
தென்னோலைக்கு மேலே ஏறி நின்றது. சிவப்பு.
பொருத்தம் சரி.

தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்தாள்.
நாற்பது மடங்கு: புள்ளி.
நூற்றிருபது: புள்ளி, காற்றில் கொஞ்சம் கொதித்தது.
"இன்னும் பெருசாக்கு."
"வெள்ளி பெருக்காது கா. எவ்வளவு கூட்டினாலும் இவ்வளவுதான்."
எனக்கே அது பழக்கமில்லாத தோல்வி.

அவள் கண்ணை எடுக்கவில்லை.
"ஒரு தமையனுக்கும் ஒண்டும் செய்யிற மாதிரித் தெரியல்ல."
மறுகா, "பக்கத்தில என்ன?"

ஒரு கொத்து இருக்கிறது, பட்டியலில் நாலாம் இலக்கம்.
குழாய் ஒரு விரற்கடைகூடக் கிறுகவில்லை.
தெருவிளக்கு தின்றதுபோக
மிஞ்சிய புகை மாதிரி ஒன்று.
"இது ஆர்ர நட்சத்திரம்?"
"இதில ஒருத்தரும் பிறக்கிறதில்ல."
"நல்லம்" என்றாள்,
வெகுநேரம் அதையே பார்த்தாள்.

கேற்றடியில் ஸ்கூட்டி லைட்டைப் போட்டாள்.
இருட்டுக்குப் பழகிய என் கண் கெட்டது.
பதினைந்து நிமிடம் ஒன்றும் தெரியாமல் நின்றேன்.
மோட்டர் மட்டும்
பூமி நகர்ந்த அளவுக்கு
அந்தப் புகைக்குப் பின்னால்
மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.