முப்பத்தொன்றாம் தொட்டி

தரமணியில் சுற்றுச்சுவரை ஒட்டி
நாற்பது சிமெண்ட் தொட்டி, நாற்பது காட்டு நெல்.
ஒரே களிமண், ஒரே குழாய்த் தண்ணீர்,
ஒரே செவ்வாய்க்கிழமை நட்டது.
ஊர் மட்டும் வேறு வேறு.

நேபாளத் தராய் நெல்
ஆடியிலேயே கதிர் தள்ளிவிட்டது,
முழங்கால் உயரம்கூட வளராமல்.
சென்னையின் மிக நீண்ட பகல்
அதன் ஊரில் ஆவணிப் பகல்.
பனி வந்துகொண்டிருக்கிறது என்று அதற்கு நினைப்பு.
வேளச்சேரி ஸ்டேஷன் வாசலில்
மார்கழியிலும் மோர் விற்கிறார்கள் என்று
நெல்லிடம் யார் போய்ச் சொல்வது?

கோராபுட் புரட்டாசியில் பூத்தது.
குட்டநாடு ஐப்பசியில்.
பள்ளிக்கரணைக்காரி,
குப்பைமேட்டுக்குப் பின்னால்
இடுப்பளவு நீரில் நின்று நான் உருவி வந்தவள்,
பெருமழை கொட்டட்டும், பிறகு பார்க்கலாம்
என்கிற ரகம்.

கார்த்திகை பிறந்தது.
கடைசி வரிசையில் எட்டுத் தொட்டி
கண்ணாடி இலையே விரிக்கவில்லை.
தூர் மேல் தூர் கட்டி, பச்சையாய், மொத்தமாய்,
தேதி மறந்த மாதிரி.

இரவு ஒன்பதுக்குப் போய்ப் பார்த்தேன்.
சுவருக்கு வெளியே புது எல்.இ.டி. விளக்கு.
இலை நரம்பை எண்ணலாம், அவ்வளவு வெளிச்சம்.
இருட்டின் நீளத்தை அளந்து பூக்கிற செடிக்கு
இருட்டே வரவில்லை.

மாநகராட்சிக்குப் புகார் அனுப்பினேன். எண் கொடுத்தார்கள்.
பஸ் நிறுத்தத்தில் மெர்சி புளோரா,
ஐ.டி. கம்பெனி கேண்டீனில் இரவு முறை,
சிரிக்காமல் சொன்னாள்:
"அந்த லைட்டுக்கு நாங்க பதினோரு பேரு
ரெண்டு வருஷம் மனு குடுத்தோம் மேடம்."

புகாரைத் திரும்பப் பெற்றேன்.
வண்ணாரப்பேட்டையில் குடைத்துணி, பதினெட்டு மீட்டர்.
மாலை ஆறுக்கு மூடி, காலை ஆறுக்குத் திறந்து,
ஏழு தொட்டிக்கு நானே இருட்டு தைத்தேன்.
முப்பத்தொன்றை மட்டும் மூடவில்லை.
ஒப்பிட ஒன்று வேண்டும்.

பிறகு புயல்.
ஆறு இரவு மின்சாரம் இல்லை.
மோட்டார் ஓடவில்லை, போன் செத்தது,
நான் மூன்றாம் மாடியில்
பிஸ்கட்டை எண்ணிக்கொண்டிருந்தேன்.

தை ஐந்தாம் தேதி, காலை பத்து மணி:
முப்பத்தொன்றில் கதிர்.
செம்மீசை நீட்டி, உமி பிளந்து,
மகரந்தம் காற்றில்.
ஒரு மணி நேரம்தான், மறுபடி மூடிக்கொண்டது.

காரணம் என்ற கட்டத்தில்
'மின்தடை, ஆறு இரவு' என்று எழுதினேன்.
அந்த ஆறு இரவும்
செருப்பைக் கையில் பிடித்து, சுவரைத் தடவி,
மெர்சி வீட்டுக்கு நடந்ததற்கு
அட்டவணையில் கட்டம் இல்லை.
பேனா மூடியைக் கடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன்.

இனி வலை உறை மாட்ட வேண்டும், இந்த வாரத்துக்குள்.
காட்டு நெல் பழுக்கும்வரை காத்திருக்காது,
சொல்லிக்கொள்ளாமல் உதிர்ந்துவிடும்.