நான்கு மில்லிமீட்டர் தூக்கல்

வண்டி வந்து இறங்கிய அன்று மோதெனாவில்
நீட்டிய கை தெரியாத மூடுபனி.
லாரியிலிருந்து முதலில் தெரிந்தது ஒற்றை விளக்கு.
மற்ற விளக்கின் குழிக்குள்
காய்ந்துபோன குருவிக்கூடு.

பதினொன்றுதான் செய்தார்கள். இது ஏழாவது.
லுகானோவிலிருந்து வந்திருந்த ட்ஷூடி
கையுறையைக் கழற்றாமலே சொன்னார்:
"தொழிற்சாலை வாசலைத் தாண்டிய காலையில்
எப்படி இருந்ததோ அப்படி, சிஞ்ஞோரா நீவெஸ்.
ஒன்றும் கூடக் கூடாது. ஒன்றும் குறையக் கூடாது."
சரி என்றேன்.
அந்தக் காலையில் நான் பிறந்திருக்கவில்லை,
அவருந்தான்.

குளிர்காலம் முழுக்க உரித்தேன்.
சிவப்புக்கு அடியில் இன்னொரு சிவப்பு.
அதற்கடியில் எவர் கல்யாணத்துக்கோ பூசிய வெள்ளை.
வெள்ளைக்கடியில் விரற்கடை கனத்துக்குப் புட்டி.
கடைசியில், டாஷ்போர்டின் முதுகில்,
வெயிலும் துணியும் எட்டாத மூலையில்
நகக்கண் அளவு பச்சை:
அடுப்பில் மறந்துபோன பட்டாணியின் பச்சை.

படம் அனுப்பினேன்.
மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது.
"சிவப்பில்லையா?"
"இல்லை."
"இந்த நிறத்தை யாராவது கேட்டு வாங்குவார்களா?"
வாங்கியிருக்கிறார். ரசீது இருக்கிறது.
கிரெமோனாவில் ஒரு பல் மருத்துவர்,
நிறத்துக்கென்று தனியாகக் காசும் கட்டி.

குருவிக்கூடு தொழிற்சாலை பொருத்திய பாகம் அல்ல.
என் ஜன்னலுக்குப் போயிற்று.

வலது மட்கார்டும் அசல் அல்ல.
எங்கோ எதன்மீதோ மோதி, எவனோ
இரும்புத் தகட்டை வளைத்து ஒட்டியிருந்தான்.
இடதைப் பார்த்து வலதைச் செய்தேன்:
அலுமினியம், மணல்பை, மரச்சுத்தி,
ஆறு வாரம்.
கண்ணாடியில் பார்த்த முகம்போல
இரண்டும் ஒன்று.
அன்றிரவு பட்டறையின் விளக்கை அணைத்துவிட்டு
மறுபடி போட்டுப் பார்த்தேன்,
வெட்கமில்லாமல்.

மே மாதம் லெயார்கோ,
இன்ஜின் அவன் பாடு, தகடு என் பாடு,
ஆவணக் கிடங்கிலிருந்து ஓர் உறை கொண்டுவந்தான்.
பல் மருத்துவரின் புகார்க் கடிதம்:
ஓட்டுநர் பக்கக் கதவு முதல் தடவை சாத்துவதில்லை.
பின்னால் குண்டூசி குத்திய பரிசோதனைத் தாள்.
ஏழாம் எண்ணுக்கு நேரே பென்சிலில்:
"வலது முன்பக்கம் நான்கு மி.மீ. தூக்கல்.
வெள்ளிக்கிழமை. போகட்டும்."

லெயார்கோ சிரித்தான்.
நான் சுத்தியைத் தேடினேன்.

சொல்லாமல் விட்டிருக்கலாம்.
இரண்டு நாணயம் அடுக்கிய உயரம், அவ்வளவுதான்.
சொன்னேன்.
"அப்படியென்றால் அப்படி" என்றார் ட்ஷூடி.
அதற்குள் அவர் குரல்
பச்சைக்குப் பழகியிருந்தது.

நேராக்கித் தேர்ந்த கைக்கு
கோணலாக்குவது எத்தனை பாடு!
அளந்து அளந்து அடித்தால்
மேடையில் நொண்டுகிற நடிகன் மாதிரி
தகடே காட்டிக்கொடுத்துவிடுகிறது.
இரண்டு மட்கார்டுகள் காயலான் கடைக்குப் போயின.
மூன்றாவது, ஜூனில்,
மாலை ஆறு மணி, பசி,
நீச்சல் வகுப்பு வாசலில் ஈரத் தலையோடு மகன்,
மேசையில் அதிர்ந்துகொண்டே நகரும் கைப்பேசி.
அடித்தேன், போட்டேன், ஓடினேன்.
மறுநாள் அளந்தால்
மூன்று புள்ளி எட்டு.
முந்தின நாள் என்ன கிழமை என்று
லெயார்கோதான் நாட்காட்டியில் காட்டினான்.
போகட்டும் என்றேன்.

செப்டம்பரில் வந்தார். கையுறை இல்லை.
பச்சையைச் சுற்றி இரண்டு சுற்று.
முன்னால் நின்றபோது
தலையைக் கொஞ்சம் சாய்த்தார்,
படம் மாட்டியவர் சுவரைப் பார்ப்பதுபோல.
ஏறி உட்கார்ந்து கதவை இழுத்தார்.
சாத்தவில்லை.
அவர் என்னைப் பார்த்தார்.
நான் லெயார்கோவைப் பார்த்தேன்.
லெயார்கோ கூரையைப் பார்த்தான்.
மறுபடி இழுத்தார்.
சாத்தியது.

அந்தக் கதவுக்கு மட்டும் எங்களுக்குப் பதினேழு நாள்.
பில்லில் 'சரிசெய்தல்' என்று போட்டிருக்கிறோம்,
எந்தப் பக்கமாக என்று
எழுதவில்லை.