விளக்குமாற்றுக் கம்பு

பெட்டிகளில் வந்த கார் இது.
பதினேழு பெட்டி, ஒரு கையேடு,
கையேட்டில் எங்குமே இல்லாத இரண்டு போல்ட்டு.
பானஸ்வாடியில், அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில்
தண்ணீர் மோட்டார் அறைக்கும் பதினாலாம் தூணுக்கும் நடுவே
இரண்டு வருஷம் பூட்டினோம்,
பெர்பெத்துவாவும் நானும்.
ஓடியது. பிரேக் பிடித்தது.
ஹாரன் மட்டும் ஆட்டோபோல் கத்தியது.
மாற்றவில்லை.

தலைக்கு மேல்தான் ஒன்றுமில்லை.

சங்கச் செயலாளர் சுற்றிவந்து பார்த்தார்.
"மழை வந்தா?" என்றார்.
அன்றிரவு அவள், பல் துலக்கிக்கொண்டே,
"கவிழ்ந்தா?" என்றாள்.

முதல் கேள்வியை இந்த ஊர்
நாலு மணி ஆனால் கேட்கும்.
இரண்டாவதை ஒரே ஒருமுறை கேட்பார்கள்,
பதில் சொல்ல நேரம் தராமல்.

நயீம் பாய் குழாயைச் சூடுகாட்டி வளைக்க மாட்டார்.
"பீன்யாவுல மெஷின் இருக்கு, பச்சையாவே வளையும்."
ஒன்றே முக்கால் அங்குலம், தையல் இல்லாத குழாய்.
என்னை ஹெல்மெட்டோடு உட்காரவைத்தார்.
பட்டறை மூலையிலிருந்து விளக்குமாற்றை எடுத்து
ஈர்க்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக்
கம்பை மட்டும் நீட்டினார்:
ஒரு முனை வளைவு வரப்போகும் உச்சியில்,
மறுமுனை பானெட்டில்.
"தலை இதுக்குக் கீழயே இருக்கணும். தொட்டா நீங்க இல்ல."

அன்றைக்கு அவளுக்கு ஷிப்ட்.

வளைவு வந்தது. பின்தாங்கி வந்தது.
தரைக்கு அடியில் தகடு வைத்து
எட்டு போல்ட்டு முறுக்கினோம்.
கறுப்பு பெயின்ட் காய்ந்ததும் அவள் ஏறி உட்கார்ந்தாள்.
கம்பு அவள் ஹெல்மெட்டின் மேல்
சாவகாசமாகப் படுத்துக்கொண்டது.

கல்யாணப் போட்டோவில் போட்டோக்காரர் என்னை
சர்ச் படியில் ஒருபடி மேலே ஏற்றி நிறுத்தியிருந்தார்.
எட்டு வருஷம் அந்தப் படியை நாங்கள்
ஹாலில் மாட்டி வைத்திருந்தோம்.

சீட்டை இறக்கலாமே என்றேன்.
சீட்டுக்குக் கீழே தரைதான் இருந்தது.
ஒட்டுப்போட்டு உயர்த்தலாமே என்றேன்.
நயீம் பாய் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.
"இது உங்க ஒருத்தருக்கான கம்பி சார்."

பதினோராயிரம் மறுபடியும்.
மூன்று வாரம் மறுபடியும்.
பழைய வளைவை வாட்ச்மேன் திப்பேசாமி கேட்டு வாங்கி
ஜெனரேட்டர் பக்கத்தில் நட்டார்.
இப்போது அதில் பாகல் படர்கிறது.

கூரை தைத்தது லிங்கராஜபுரம் முனிலட்சுமி.
ஆட்டோவுக்கு டாப் தைப்பவள்.
எங்கள் பழைய படுக்கை விரிப்பைப் புதிய வளைவின் மேல் போர்த்தி
துணி கிளிப்பால் கவ்வி
நீலச் சாக்கட்டியால் கோடு கிழித்தாள்.
விரிப்பில் குழம்புக்கறை ஒன்று, பின்ஜன்னல் வரும் இடத்தில்.
"மத்தியான வெயில்ல இழுத்து மாட்டணும்.
சாயங்காலம் மாட்டினா மறுநாள் தொங்கும்."
அப்படியே, நாலுபேர் நாலு மூலையில் பிடித்து
வியர்வை கண்ணில் இறங்க
இருபத்தாறு பட்டனில் இருபத்தைந்தை அமுக்கினோம்.
கடைசிப் பட்டன் எட்டவில்லை,
அரை விரல் தூரம்.
முனிலட்சுமி துணியைத் திட்டினாள், தெலுங்கில்.
அது வந்து உட்கார்ந்தது.

முதல் ஓட்டம் பழைய மெட்ராஸ் ரோட்டில்.
அவள் ஸ்டியரிங்கில். நாலு மணிக்குச் சரியாக மழை.
டூ வீலர்கள் எல்லாம் மேம்பாலத்தின் கீழே நெருங்கி நின்றன,
நாங்களும் பின்பாதி நனைய நின்றோம்.
அவள் தலைக்கு மேல் கச்சிதமான இடம்.
என் தலைக்கு மேல் ஒரு ஜாண் காலி.
துணி வளைவைத் தாண்டும் தையலிலிருந்து
அந்தக் காலியிடம் வழியாக
ஒரு சொட்டு
என் உச்சியில் விழுந்தது.
யோசித்து, இன்னொன்று.

ரெயின்கோட் பையன் ஒருவன் குனிந்து
"எந்தக் கம்பெனி வண்டி?" என்றான்.

அவள் கையை நீட்டித்
தையலில் கட்டைவிரலை வைத்து அழுத்தியபடி
சொன்னாள்:
"இன்னும் முடியலப்பா."